பழைய கம்ப்யூட்டரில் வீட்டு சர்வர்: ஒரு ஸ்டூடியோக்காரியின் செய்முறை

எங்கள் ஸ்டூடியோ தண்டையார்பேட்டையில், வீட்டின் தரைத்தளத்தில் இருக்கிறது. குடியிருப்பது மாடியில். வீட்டுக்காரர் கேமரா பிடிப்பார். ஆல்பம் டிசைன், வீடியோ எடிட்டிங், கணக்குவழக்கு எல்லாம் என் தலையில். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் மழையில் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. பழைய கல்யாணங்கள் இருந்த ஐந்து எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குகளையும் மேசையின் கடைசி டிராயரில் வைத்திருந்தேன். இரண்டுதான் பிழைத்தன. மூன்று மாதம் கழித்து காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். "பேரனுக்குப் பேர் வைக்கிறோம், பொண்ணு கல்யாண வீடியோவைப் பெரிய டிவில போடணும், இன்னொரு காப்பி குடும்மா" என்றார். எனக்கு நாக்கு எழவில்லை.

அந்தச் சூட்டிலேயே, செகண்ட் ஹேண்டில் இரண்டு டிஸ்க் போடும் ரெடிமேட் சேமிப்புப் பெட்டி ஒன்றை வாங்கினேன். எட்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் காலையில் அதன் விளக்கு எரியவில்லை. உள்ளே போர்டு போய்விட்டது. டிஸ்க்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒன்றை உருவி என் விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டினால், "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கிறது. கை ஒருகணம் ஆமாம் பக்கம் போய் நின்றது, இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. என் சித்தி பையன் இரண்டு ராத்திரி உட்கார்ந்து லினக்ஸில் எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தான்.

அதற்கப்புறம் எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். பெட்டி செத்தால், டிஸ்க்கை உருவி வேறு எந்தக் கம்ப்யூட்டரிலாவது மாட்டி, யாரையும் கூப்பிடாமல் நானே படிக்க முடிய வேண்டும். இனி வரும் எல்லாவற்றையும் இந்த ஒரு விதியை வைத்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பெரிய ஆபீஸ் நடத்துகிறவர்களுக்கு இது போதாது. வீட்டுக்கும் சின்னக் கடைக்கும் தாராளம்.

பெட்டி

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி, நடந்தே ரிச்சி தெருவுக்குப் போய்விடலாம். கடைத் தம்பி "கேமிங்கா அக்கா, ஆபீஸ் வேலையா?" என்று கேட்டான். "ரெண்டும் இல்ல தம்பி, சும்மா நின்னுக்கிட்டே இருக்கணும்" என்றேன். வீட்டு சர்வரின் வேலை உண்மையில் அவ்வளவுதான். கேட்கும்போது ஃபைலை எடுத்துக் கொடுக்க வேண்டும், மற்ற நேரம் சும்மா நிற்க வேண்டும். அதற்குப் பெரிய ப்ராசசர் எதற்கு?

நான் வாங்கியது ஏதோ ஓர் ஆபீசில் கழித்துக் கட்டிய டெஸ்க்டாப். நாலாம் தலைமுறை இன்டெல் ஐ3, 8 ஜிபி டிடிஆர்3 ராம், ஆறாயிரம் ரூபாய். உங்கள் வீட்டிலேயே அப்படி ஒன்று தூசு படிந்து கிடந்தால் காசு மிச்சம். 64 பிட் ப்ராசசரும் 4 ஜிபி ராமும் இருந்தால் போதும். கோர் 2 டுயோ காலத்து டெஸ்க்டாப்பை மட்டும் காயலான் கடைக்கே கொடுத்துவிடுங்கள். அது செய்கிற வேலைக்குத் தின்கிற கரண்ட் கட்டாது.

வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "உள்ளே மூன்றரை இஞ்ச் ஹார்ட் டிஸ்க் எத்தனை மாட்டலாம்?" ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் ஒல்லி மாடல் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் மூன்றரை இஞ்ச் டிஸ்க் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கும். அதோடு எஸ்எம்பிஎஸ்ஸும் (உள்ளே கரண்ட்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) அந்தக் கம்பெனிக்கென்றே செய்ததாக இருக்கும், போனால் தெருவில் கிடைக்கிற எதையும் மாட்ட முடியாது. கொஞ்சம் குண்டான டவர் மாடலைக் கேளுங்கள். மதர்போர்டில் டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட் எத்தனை என்று எண்ணுங்கள். என்னுடையது எச்81 போர்டு, நாலு இருக்கிறது. சிஸ்டத்துக்கு ஒன்று, டிஸ்க்குகளுக்கு இரண்டு, ஒன்று மிச்சம்.

பத்து வருஷப் பெட்டியை அப்படியே நம்பக் கூடாது. முதலில் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினேன். ஒவ்வொரு டிஸ்க்கும் சுழலத் தொடங்கும் நொடியில் 12 வோல்ட் லைனில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும்; கிழட்டு எஸ்எம்பிஎஸ் அங்கேதான் மூச்சு வாங்கும். சாட்டா பவர் முனை போதவில்லையென்றால் மோலெக்ஸ் என்ற பழைய நாலு முள் முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கன்வர்ட்டர் ஒன்றைக் கடையில் நீட்டுவார்கள். அதில் முனை ஒரே பிளாஸ்டிக் கட்டியாக உருக்கி ஊற்றிய வகையைத் தொடாதீர்கள். உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு உருகித் தீப்பிடித்த கதைகள் நிறைய. அடுத்தது, போர்டில் இருக்கும் காசு போன்ற பேட்டரி. அது செத்திருந்தால் நேரமும், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸின் செட்டிங்கும் கரண்ட் போகும்போதெல்லாம் மறந்துபோகும். ஐம்பது ரூபாய்க்குள் முடிகிற வேலை, இதை விட்டுவிட்டு ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ராமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேயுங்கள். கடற்காற்று அடிக்கிற நம் பக்கத்தில் இது சாங்கியம் இல்லை, தேவை. பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை சிவப்பாக இருந்தாலும் அந்த ராம் வேண்டாம்.

பிழையைத் தானே திருத்தும் ஈசிசி ராம் இல்லாவிட்டால் சர்வரே இல்லை என்று சிலர் பயமுறுத்துவார்கள். இருந்தால் நல்லதுதான். இல்லாமலும் வீட்டில் ஓடும்.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள், பேட்டரியே யுபிஎஸ் ஆகிவிடுமே என்று கேட்கிறார்கள். வருஷம் முழுக்கச் சார்ஜிலேயே கிடக்கும் பேட்டரி உப்பும். டிஸ்க்கையும் யுஎஸ்பியில்தான் தொங்கவிட வேண்டும். பழகிப் பார்க்க லேப்டாப் சரி, கல்யாண வீடியோவை நம்பி வைக்க வேண்டாம். இன்டெல் என்100 போட்ட சின்ன மினி பிசி கரண்ட்டை மிச்சம் பிடிக்கும், ஆனால் பெரும்பாலானவற்றில் மூன்றரை இஞ்ச் டிஸ்க்குக்கு இடமே கிடையாது; மறுபடியும் யுஎஸ்பிதான். யுஎஸ்பி பெட்டிகளில் சில, எழுதிக்கொண்டிருக்கும்போதே துண்டித்துக்கொள்ளும். ராஸ்பெர்ரி பைக்கும் இதே கதை.

கரண்ட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், மாமியார் முதலில் கேட்டது அதைத்தான். என் பெட்டி சும்மா நிற்கும்போது சுமார் 35 வாட். ஒரு நாளைக்கு 24 மணி நேரம், 60 நாள்: 50 யூனிட். இரண்டு மாத பில்லில் அவ்வளவு ஏறும். 10 வாட் மினி பிசி என்றால் 14 யூனிட்டுக்குப் பக்கம். வித்தியாசத்தை உங்கள் வீட்டு பில்லோடு வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே கரண்ட் கட்டணத்தின் மேல் படியில் இருக்கிற வீடு என்றால் மினி பிசி பக்கம் மனசு போவது நியாயம்.

டிஸ்க்

காசைப் போட வேண்டிய இடம் இதுதான். நான் வாங்கியபோது பெட்டி ஆறாயிரம், ஆனால் 4 டிபி டிஸ்க் ஒவ்வொன்றும் பத்தாயிரத்துச் சொச்சம். இரண்டு வாங்கினேன். (மாட்டியதும் 3.6 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, டிஸ்க் கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது, கம்ப்யூட்டர் 1024ஆல் எண்ணுகிறது.)

டிஸ்க்கில் சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று இரண்டு சாதி. எஸ்எம்ஆரில் தடங்கள் ஓட்டு வீட்டின் ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறிக் கிடக்கும். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஓடுகளையும் தூக்கி மறுபடி அடுக்க வேண்டும் இல்லையா? அதே வேலைதான். குறைந்த இடத்தில் நிறையக் கொள்ளும், ஆனால் தொடர்ந்து எழுதினால் திணறிவிடும். சிஎம்ஆரில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், இந்தத் தொல்லை இல்லை. டெஸ்க்டாப்புக்கு என்று விற்கும் 2 டிபிக்கு மேற்பட்ட மலிவு டிஸ்க்குகள் பல இந்த வகை. அட்டையில் நாஸ், அதாவது நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிக்கு என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. 2020ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையிலேயே சில அளவுகளில் எஸ்எம்ஆர் இருப்பதை ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு சிஎம்ஆர் வேண்டுபவர்களுக்கு ரெட் ப்ளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். சீகேட்டில் அயர்ன்வுல்ஃப் சிஎம்ஆர். எதை வாங்கினாலும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, கம்பெனியின் அட்டவணையில் சரிபார்த்த பிறகு காசை நீட்டுங்கள். சிசிடிவி டிஸ்க்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். மோசமில்லை, ஆனால் விலை வித்தியாசம் சில நூறுதான் என்றால் நாஸ் டிஸ்க்கே வாங்கலாம்.

இரண்டையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காமல், ஒரு மாதம் இடைவெளி விட்டு வேறு கடையில் வாங்கினேன். ஒரே பேட்ச்சாக இருந்தால் ஒரே சமயத்தில் நோய் வரலாம் என்ற பயம். கொஞ்சம் அதிகப்படியோ என்னவோ.

சிஸ்டத்துக்குத் தனியாக 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று. பென்டிரைவிலும் போடலாம் என்பார்கள், சீக்கிரம் தேயும்.

எந்த மென்பொருள்

பெயர் பெரிதாக அடிபடுவது ட்ரூநாஸ். 2005ல் ஃப்ரீநாஸ் என்று தொடங்கி, 2020ல் பெயர் மாறியது. இலவசம். இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் ஓடுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் வைத்து, ஃபைல் ஓசைப்படாமல் கெட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடும். உண்மையிலேயே நல்ல சரக்கு. ஆனால் குறைந்தது 8 ஜிபி ராம் கேட்கிறது. பூல், டேட்டாசெட், விடெவ் என்று புதிதாக வருபவர் ஒரு வாரம் பாடம் படிக்க வேண்டும். போதாக்குறைக்கு, யூடியூபில் கிடைக்கும் பாதி பாடங்கள் ஃப்ரீபிஎஸ்டியில் ஓடிய பழைய கோர் பதிப்புக்கானவை. இப்போது நாம் இறக்கப்போவது லினக்ஸ் பதிப்பு. திரை வேறு, மெனு வேறு. டிஸ்க்குகளை வேறொரு ட்ரூநாஸில் மாட்டி இம்போர்ட் செய்யலாம் என்பதால் என் விதியில் பாதி தேறும். நடு ராத்திரியில் அதைச் செய்ய எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் மீதிப் பாதி.

அன்ரெய்டு முழுதாகத் தேறும். வேறு வேறு அளவு டிஸ்க்குகளைக் கலந்து போடலாம். ஒவ்வொரு டிஸ்க்கிலும் முழு ஃபைலாகத் தனித்தனியாக இருக்கும், உருவிப் படிக்கலாம். காசுதான். 2024ல் விலைமுறையை மாற்றியபோது அடிமட்ட உரிமத்துக்கு 49 டாலர், அதில் அப்டேட் ஓராண்டுக்கு மட்டும் என்று வைத்தார்கள். 30 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். வீட்டில் அளவு பொருந்தாத டிஸ்க்குகள் நாலைந்து கிடக்கின்றன, மண்டை காய முடியாது, காசு கொடுக்கலாம் என்பவர்கள் இதை எடுங்கள்.

காசாஓஎஸ் பார்க்க மொபைல் மாதிரி அழகு. டெபியன் மேல் உட்காரும், ஐகானைத் தட்டினால் ஆப் நிறுவும். ஆனால் டிஸ்க் நோய் பார்ப்பது, இரவில் நகல் எடுப்பது போன்ற வீட்டுவேலைகளில் கை குறைவு.

நான் நின்றது ஓப்பன்மீடியாவால்ட்டில். சுருக்கமாக ஓஎம்வி. அடியில் டெபியன் லினக்ஸ், 1 ஜிபி ராம் இருந்தாலே எழுந்து நிற்கும், இலவசம், முழுக்க பிரவுசர் வழியாகவே இயக்கலாம். டிஸ்க்கை இஎக்ஸ்டி4 என்ற சாதாரண ஃபைல் சிஸ்டத்தில் வைக்கும். அந்த டிஸ்க்கை உருவி, லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்த எந்தக் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் ஃபோல்டர் ஃபோல்டராகத் திறக்கும். திரை கொஞ்சம் அரசாங்க ஆபீஸ் பாரம் மாதிரி இருக்கும். பரவாயில்லை.

நிறுவுவது

ஓஎம்வியின் ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, எட்சர் என்ற மென்பொருள் மூலம் பென்டிரைவில் எழுதுங்கள். மானிட்டரும் கீபோர்டும் இன்று ஒருநாள் மட்டும் வேண்டும். இன்ஸ்டால் செய்யும்போது எஸ்எஸ்டியைத் தவிர எல்லா டிஸ்க்கின் கேபிளையும் கழற்றிவிடுங்கள். இன்ஸ்டாலர் ஒரு டிஸ்க்கை முழுதாக விழுங்கும். எது எது என்று பெயரைப் பார்த்துக் குழம்பி, ஃபோட்டோ இருக்கும் டிஸ்க்கைக் காட்டிவிட்டால் போச்சு. 120 ஜிபியில் கால்வாசிகூடப் பயன்படவில்லையே என்று வயிறு எரியும். எரியட்டும்.

முடிந்ததும் பயாஸுக்குள் போய் இரண்டு வேலை. கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆக வேண்டும் என்ற வரியை ஆன் செய்யுங்கள். கீபோர்டு இல்லை என்று பூட் ஆகாமல் நிற்பதை அணையுங்கள். இந்த இரண்டாவது எனக்குத் தெரியாது. மானிட்டரையும் கீபோர்டையும் கழற்றி மாடியில் வைத்தபின், பெட்டி ஆன் ஆகி ஒன்றுமே வராமல் நின்றது. உள்ளே "எஃப்1 அழுத்து" என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. அழுத்த யார் இருக்கிறார்கள்?

டிஸ்க்குகளை மாட்டி, ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் கொடுத்து ஆன் செய்தால், கறுப்புத் திரையில் ஓர் ஐபி எண் தெரியும். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அதை வேறு கம்ப்யூட்டரின் பிரவுசரில் அடியுங்கள். பயனர் பெயர் அட்மின், பாஸ்வேர்டு ஓப்பன்மீடியாவால்ட், இரண்டுமே ஆங்கிலச் சின்ன எழுத்தில். முதல் வேலையாக பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரவுட்டருக்குள் போய் இந்தப் பெட்டிக்கு எப்போதும் அதே ஐபி கொடுக்கும்படி ஒதுக்கிவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் எண் மாறி, சர்வர் காணவில்லை என்று தேடுவீர்கள்.

இனி ஒரு எச்சரிக்கை. ஓஎம்வியில் எதைச் சேமித்தாலும் அது உடனே நடக்காது. மேலே மஞ்சள் பட்டை ஒன்று வரும். அதில் டிக் அழுத்தினால்தான் அமலுக்கு வரும். புதிதாக வருகிறவர்களின் பாதிப் புலம்பல் இந்தப் பட்டையை கவனிக்காததால்தான்.

ஸ்டோரேஜ் மெனுவில் டிஸ்க்ஸ் திறந்து, இரண்டு டிஸ்க்கும் தெரிகிறதா பாருங்கள். புதியதானால் வைப் செய்யுங்கள் (உள்ளே இருப்பதைத் துடைப்பது). பிறகு ஃபைல் சிஸ்டம்ஸ் போய், கூட்டல் குறியைத் தட்டி, இஎக்ஸ்டி4 தேர்ந்து, டிஸ்க்கைக் காட்டி உருவாக்குங்கள். சில நிமிடம் ஆகும். முடிந்ததும் மவுண்ட், அதாவது பயன்பாட்டுக்கு இணைப்பது. இரண்டாவது டிஸ்க்குக்கும் அதே. ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டும் முறை) என்ற வார்த்தை இங்கே எங்கும் வரவில்லை, கவனித்தீர்களா? ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

ஷேர்டு ஃபோல்டர்ஸில் முதல் டிஸ்க்கில் ஒரு ஃபோல்டர் திறங்கள். நான் "கல்யாணம்" என்று ஆங்கில எழுத்தில் வைத்தேன். இரண்டாவது டிஸ்க்கில் "நகல்". பிறகு யூசர்ஸில் உங்களுக்கு ஒரு பயனர், பாஸ்வேர்டுடன். அந்தப் பயனருக்கு முதல் ஃபோல்டரில் படிக்க, எழுத அனுமதி கொடுங்கள். நகல் ஃபோல்டருக்கு யாருக்கும் எழுத அனுமதி வேண்டாம், உங்களுக்குக்கூட. சர்வீசஸில் எஸ்எம்பியை (விண்டோஸ் நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் முறை) ஆன் செய்து, முதல் ஃபோல்டரைச் சேருங்கள். அதே பக்கத்தில் ரீசைக்கிள் பின் என்று ஒரு டிக் இருக்கும், போட்டுவிடுங்கள். நெட்வொர்க் ஃபோல்டரில் அழித்தால் விண்டோஸ் குப்பைத்தொட்டிக்குப் போகாது, நேரே எமலோகம்தான். இந்த டிக் இருந்தால் ஒரு வாய்ப்பு உண்டு.

விண்டோஸ் கம்ப்யூட்டரில், ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிக் கட்டத்தில் \\192.168.1.50 என்று உங்கள் எண்ணை அடித்தால் ஃபோல்டர் வரும். பாஸ்வேர்டு கேட்கும், கொடுங்கள். பாஸ்வேர்டே வேண்டாம் என்று கெஸ்ட் முறையில் திறந்து வைக்கச் சொல்லும் பழைய பாடங்களை நம்பாதீர்கள். புதிய விண்டோஸ் 11 ப்ரோ கெஸ்ட்டை உள்ளே விடாது.

மூன்று மணி நேரமா, பதினெட்டு நிமிடமா

முதல் நாள் ஒரு கல்யாணத்தைக் காப்பி போட்டேன். ரா ஃபோட்டோ மூவாயிரம், வீடியோ ஒரு மணி நேரம், எல்லாம் சேர்த்து 120 ஜிபி. மூன்று மணி நேரம் என்று காட்டியது. பெட்டி பழசு, அதனால்தான் என்று நினைத்தேன். சித்தி பையன் ஃபோனில் கேட்டான்: "அக்கா, நொடிக்கு எத்தனை எம்பி காட்டுது?" பதினொன்று. "அப்ப பெட்டி இல்ல, கேபிளு."

அவன் சொன்னது சரி. 100 எம்பிபிஎஸ் (மெகாபிட்) லைனில் நொடிக்கு 11, 12 எம்பிதான் (மெகாபைட்) வரும். ஜிகாபிட்டில் 110 வரை வரும். அதே 120 ஜிபி பதினெட்டு நிமிடத்தில் முடியும். ஜிகாபிட்டுக்கு லேன் கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பியும் வேலை செய்ய வேண்டும். ஒரு ஜோடி அறுந்தாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். எங்கள் வீட்டில் அந்த ஜோடியை அறுத்தது மாடிப்படிக்குக் கீழே குடியிருக்கும் எலி. இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ரவுட்டரில் போர்ட்டே 100 ஆக இருப்பதும் சகஜம். அப்படியானால் ஐந்து போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச் ஒன்றை வாங்கி, சர்வரையும் கம்ப்யூட்டரையும் அதில் சேருங்கள். ரவுட்டர் இன்டர்நெட்டுக்கு மட்டும். வைஃபையில் காப்பி போட்டுவிட்டு சர்வரைத் திட்டாதீர்கள்.

எடிட்டிங்கை சர்வரிலிருந்து நேராகச் செய்வதில்லை. ஓடுகிற வேலை என் கம்ப்யூட்டர் எஸ்எஸ்டியில், முடிந்தது சர்வரில்.

ரெய்டு ஏன் வேண்டாம்

இரண்டு டிஸ்க் இருக்கிறதே, மிரர் போட்டால் ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்குமே என்பார்கள். உண்மை. கடையை மூடாமல் ஓட்ட வேண்டியவர்களுக்கு அது தேவை. ஆனால் என் கையில் டேட்டா போனதெல்லாம் தண்ணீரிலும், தவறி அழித்ததிலும்தான். மிரரில் ஒரு ஃபோல்டரை அழித்தால், அதே நொடி இரண்டிலும் அழியும். கண்ணாடி என்றால் அப்படித்தானே.

அதற்குப் பதிலாக ராத்திரி நகல். சர்வீசஸில் ஆர்சிங்க் என்ற நகல் கருவியைத் திறந்து, டாஸ்க்ஸில் புதிதாக ஒன்று. வகை லோக்கல். மூலம் "கல்யாணம்", சேருமிடம் "நகல்". தினம் அதிகாலை மூன்று மணி. அங்கே டிலீட் என்று ஒரு டிக் இருக்கும்: மூலத்தில் அழிந்ததை நகலிலும் அழிக்கவா என்று பொருள். அதைப் போடாதீர்கள். நகலில் குப்பை சேரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானே பார்த்துப் பெருக்குகிறேன். அதை ஒரு வேலையாகவே நினைப்பதில்லை.

இதிலும் ஓட்டை உண்டு. கெட்டுப்போன ஃபைலை அதே பெயரில் எழுதியிருந்தால், கெட்டதுதான் நகலுக்கும் போகும். இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டிக்குள் இருக்கிறது. திருடனோ இடியோ வந்தால் இரண்டும் போகும். ஆகவே மூன்றாவது நகல் ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில், மாதவரத்தில் தங்கை வீட்டு மூன்றாவது மாடியில். மாதம் ஒருமுறை போகும்போது பழையதைக் கொண்டுவந்து புதியதை வைத்துவிட்டு வருவேன். பிரியாணி சாப்பிட்ட மாதிரியும் ஆயிற்று.

பின்னால் டிஸ்க் நாலைந்தாகப் பெருகினால் ஓஎம்வியில் மெர்ஜர்எஃப்எஸ், ஸ்னாப்ரெய்டு என்ற இரண்டு ப்ளகின்களைப் பாருங்கள். டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே ஃபோல்டராகக் காட்டும், பாதுகாப்புக்கு ஒரு டிஸ்க்கை ஒதுக்கும், ஆனாலும் ஒவ்வொன்றையும் தனியே உருவிப் படிக்கலாம். அடிக்கடி மாறாத ஃபோட்டோ, வீடியோவுக்கு ஏற்றது. முதல் நாளே வேண்டாம்.

எங்கே வைப்பது, கரண்ட்டுக்கு என்ன செய்வது

வெள்ளத்துக்குப் பயந்து முதலில் பரணில் வைத்தேன். மே மாதம் டிஸ்க் வெப்பம் 54 டிகிரி. தளத்தை ஒட்டிய பரண் அடுப்பு மாதிரி. இப்போது முதல் மாடி ஹாலில், சுவரில் ஐந்தடி உயரத்தில் ஒரு தட்டு. பின்னால் நாலு விரல் இடைவெளி. மே மாதத்திலும் 45 தாண்டவில்லை. கடல் பக்க ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். உப்புக்காற்று முதலில் தின்பது கேபிள் முனைகளை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெயின்ட் பிரஷ்ஷால் ஃபேனைத் துடைக்கிறேன்; வருகிற தூசு சாம்பல் நிறத்தில் இருக்காது, கறுப்பாக இருக்கும். வடசென்னைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

யுபிஎஸ் இல்லாமல் ஓட்டாதீர்கள். 600 விஏ போதும், ஆனால் பின்னால் யுஎஸ்பி போர்ட் இருக்கிற மாடலாகக் கேட்டு வாங்குங்கள். அந்த கேபிளை சர்வரில் செருகி, ஓஎம்வியில் நட் என்ற ப்ளகினைப் போட்டால், பேட்டரி தீரும் முன் சர்வர் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் சுவிட்ச்சை யுபிஎஸ் மோடில் வையுங்கள்; சாதாரண மோடில் மாறுகிற அந்தக் கணத்தில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

நோய் பார்ப்பது

ஸ்டோரேஜில் ஸ்மார்ட் (டிஸ்க் தன் உடல்நலத்தைத் தானே சொல்லும் வசதி) என்ற பகுதியை ஆன் செய்து, இரண்டு டிஸ்க்குக்கும் வாரம் ஒரு சின்னச் சோதனை, மாதம் ஒரு பெரிய சோதனை வையுங்கள். நோட்டிஃபிகேஷனில் உங்கள் மெயிலைக் கொடுங்கள் (ஜிமெயில் என்றால் உங்கள் வழக்கமான பாஸ்வேர்டு வேலை செய்யாது, கூகுள் கணக்கில் ஆப் பாஸ்வேர்டு உருவாக்க வேண்டும்). பார்க்க வேண்டியவை மூன்றே எண்கள். ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்), கரண்ட் பெண்டிங் செக்டர் (கெட்டதோ என்று சந்தேகப்படும் இடங்கள்): இரண்டும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும், ஏறத் தொடங்கினால் புது டிஸ்க்குக்குக் காசு எடுத்து வையுங்கள். மூன்றாவது, யுடிஎம்ஏ சிஆர்சி எரர், டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் போகும்போது வரும் பிழை. போன ஐப்பசியில் எனக்கு இது நாளுக்கு நாள் ஏறியது. டிஸ்க் போகிறது என்று நெஞ்சு அடைத்தது. டிஸ்க் இல்லை, சாட்டா கேபிள். முனையில் பச்சை பூத்திருந்தது. நூறு ரூபாய்க் கேபிள் மாற்றினேன், எண் அதோடு நின்றது. பழைய எண்ணிக்கை அழியாது, ஏறாமல் இருந்தால் சரி.

வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் போர்ட் (இன்டர்நெட்டிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்துவிடாதீர்கள். 2022ல் டெட்போல்ட் என்ற, ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர், இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருந்த வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளைத் தேடித் தேடிப் பூட்டியது. உங்கள் கருவிகளை மட்டும் தனியாக இணைக்கும் டெய்ல்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபோனிலும் சர்வரிலும் ஒரே கணக்கில் நுழைந்தால் போதும், போர்ட் திறக்க வேண்டியதே இல்லை.

எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தோன்றியதும், டிஸ்க்கில் பெரிதாக எதுவும் சேருவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பாருங்கள். சர்வரை அணைத்து, நகல் டிஸ்க்கை உருவுங்கள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் மாட்டி, லினக்ஸ் மின்ட் பென்டிரைவில் பூட் செய்யுங்கள். நேராக டெஸ்க்டாப் திறக்கும், அங்கே இருக்கும் இன்ஸ்டால் ஐகானை மட்டும் தொடாதீர்கள். ஃபைல் மேனேஜரில் இடப்பக்கம் 4 டிபி டிஸ்க் தெரியும். சொடுக்கி, ஒரு வீடியோவைக் கடைசிவரை ஓடவிடுங்கள். என் முறை வந்தபோது ஓடியது, வெள்ளத்தில் பிழைத்த இரண்டு டிஸ்க்கில் ஒன்றிலிருந்து வந்த திருவொற்றியூர்க் கல்யாணம். பந்தியில் யாரோ ரசம் கேட்கிறார், யாருமே ஊற்றவில்லை.